பர்சர் பதில்கள்: பாறையும் கப்பல்தான்

(இந்த முறை எல்லாமே பிரிட்டிஷ் கடற்படை பற்றிய கேள்விகள். பதில் எழுதுபவர் சென்னை–பினாங்கு–சிங்கப்பூர் பயணிகள் கப்பலில் பர்சர் (கப்பலின் கணக்கு வழக்குகளையும் சரக்கையும் பார்ப்பவர்) அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: எங்கள் ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இங்குள்ள கடற்படை விமானத் தளத்தின் பெயர் ‘ஐ.என்.எஸ். ராஜாளி’. அப்படியென்றால் இந்தியக் கடற்படைக் கப்பல் என்று பொருளாம். கப்பல் எங்கே ஐயா?
– ஒரு வாசகர், அரக்கோணம்

நீங்கள் தினமும் தாண்டிப் போகிற காம்பவுண்டுச் சுவர்தான் கப்பல். நெல்லைப் பக்கம் விஜயநாராயணத்தில் இருக்கும் ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ தளமும் அப்படித்தான். இந்தப் பழக்கத்தை வெள்ளைக்காரன் விட்டுப்போனான்.

எல்லாம் கணக்குப் புத்தகம் செய்த வேலை. பிரிட்டிஷ் கடற்படையில் ஒருவனுக்குச் சம்பளம் போடவும், சோறு போடவும், தப்பு செய்தால் தண்டனை கொடுக்கவும் அவன் பெயர் ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். கரையில் வேலை பார்ப்பவனையும் ஒரு கப்பலின் பேரில்தான் எழுதினார்கள். பிறகு கரைத் தளங்களுக்கே கப்பல் பெயர் வைத்துவிட்டார்கள். தரைக்கு ‘டெக்’ என்று பெயர். வாயிற்கதவைத் தாண்டி டீ குடிக்கப் போனாலும் ‘கரைக்குப் போகிறேன்’ என்றுதான் சொல்வான்.

இதன் உச்சம் 1804இல் நடந்தது. கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மார்ட்டினிக் தீவுக்குத் தெற்கே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால், ‘டைமண்ட் ராக்’ என்று 175 மீட்டர் உயரப் பாறை ஒன்று செங்குத்தாக நிற்கிறது. ஃபோர்ட் ராயல் துறைமுகத்துக்குப் போகிற வழி அங்கிருந்து அப்படியே தெரியும். சாமுவேல் ஹூட் என்ற கொமடோர் அந்த ஜனவரியில் பாறையைப் பிடித்தார். தன் ‘சென்டார்’ கப்பலிலிருந்து உச்சிக்கு வடக்கயிறு கட்டி, பீரங்கிகளைத் தொங்கவிட்டே மேலேற்றினார். குரங்குகூட யோசிக்கும் இடம். ஏற்றி முடித்ததும் பாறையைப் போர்க்கப்பலாகப் பதிவு செய்துவிட்டார்கள்: மேன்மை தங்கிய மன்னரின் போர்க்கப்பல் ‘டைமண்ட் ராக்’. அதற்கு ஒரு கமாண்டர், ஜேம்ஸ் மாரிஸ். நூறு பேருக்கு மேல் மாலுமிகள். போகிற வருகிற பிரெஞ்சுக் கப்பல்களைப் பதினேழு மாதம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

1805 ஜூனில் வில்னவ் என்ற பிரெஞ்சுத் தளபதியின் பெரும்படை வந்து சூழ்ந்தது. குண்டும் தீர்ந்தது, குடிதண்ணீரும் தீர்ந்தது, மாரிஸ் சரணடைந்தார். நான் ரசிப்பது இதற்கு அப்புறம்தான். கப்பலைப் பறிகொடுத்த கேப்டன் ராணுவ நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. மாரிஸையும் நிறுத்தினார்கள். பாறை மூழ்கவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் ‘மன்னரின் முன்னாள் கப்பல்’ என்று எழுதி விசாரித்து, கடைசிவரை முறையாகப் போராடினார் என்று கௌரவமாக விடுதலை செய்தார்கள். பதிவேட்டில் ஏறிவிட்டால் அது கப்பல்தான். அங்கே பாறை என்று வாதாடினால் எடுபடாது.

கேள்வி: பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் உடலை ரம் பீப்பாயில் போட்டு எடுத்துவந்தபோது மாலுமிகள் துளை போட்டு அந்த ரம்மைக் குடித்தே தீர்த்துவிட்டார்களாமே?
– ஒரு வாசகர், சிவகாசி

பீப்பாய் உண்மை. ரம் அல்ல, பிராந்தி. குடித்தது கட்டுக்கதை. 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போரில் நெல்சன் இறந்ததும், சவப்பெட்டிக்கு ஈயத் தகடு கிடைக்காததால் டாக்டர் வில்லியம் பீட்டி உடலைப் பெரிய பீப்பாயில் வைத்து பிராந்தி ஊற்றினார். பக்கத்தில் இரவும் பகலும் காவல். மூன்றாம் நாள் உள்ளே வாயு சேர்ந்து மூடி தூக்கிக்கொள்ள, காவலுக்கு நின்றவன் வெலவெலத்துப் போனான். வழியில் பழையதை அடியில் வடித்துவிட்டு மேலே புதிதாக ஊற்றவும் செய்தார்கள். அந்த ‘வடித்தது’ தான் கதைக்கு விதை என்பது என் ஊகம். கணக்கில் வடிந்தது எல்லாம் ஊர் வாயில் குடித்ததாகிவிடும். 1806 ஜனவரி 9இல் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம். இருந்தும் ரம்முக்கு ‘நெல்சன் ரத்தம்’ என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: ‘செத்தவனையும் புகையிலை மெல்ல வைப்பான் பர்சர்’ என்று ஆங்கிலேய மாலுமிகள் சொல்வார்களாம். உங்கள் இனத்தைப் பற்றித்தானே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

எங்களைப் பற்றித்தான். செத்துப்போன மாலுமியின் பெயரில் புகையிலை வாங்கியதாக எழுதி, அவன் சம்பளப் பாக்கியில் கழித்துக்கொள்வான் என்று குற்றச்சாட்டு. எழுதியவர்களும் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பர்சர் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். அவர் முன்கூட்டியே ஜாமீன் கட்டித்தான் வேலைக்குச் சேர வேண்டும். சம்பளம் சொற்பம். எலி தின்றது, ஊசிப்போனது, சிந்தியது எல்லாம் அவர் தலையில். அதை ஈடுகட்ட, 16 அவுன்ஸ் ராத்தலுக்கு 14 அவுன்ஸ்தான் கொடுக்கலாம் என்று நிர்வாகமே விட்டுவைத்தது. எட்டில் ஒரு பங்கைத் திருடச் சொல்லிவிட்டு, திருடன் என்று பெயரும் வைத்தால் எப்படி?

மாலுமிகள் இதை 1797 ஏப்ரலில் தீர்த்துக்கொண்டார்கள். போர்ட்ஸ்மத்துக்கு எதிரே ஸ்பிட்ஹெட்டில் நின்ற படை மொத்தமும் பாய் விரிக்க மறுத்தது. சம்பளம் ஏறக்குறைய 140 வருடமாக ஒரே தொகை. ‘ஏற்றிக் கொடு, ராத்தலுக்கு 16 அவுன்ஸ் கொடு’ என்றார்கள். எதிரி வந்தால் நங்கூரம் தூக்குவோம் என்றும் சொன்னார்கள். அதுதான் அவர்கள் சாமர்த்தியம். எழுபது வயது தாண்டிய அட்மிரல் ஹௌ பிரபு படகில் ஏறிக் கப்பல் கப்பலாகப் போய் மன்னரின் மன்னிப்பைக் காட்டிச் சமாதானம் பேசினார். ராத்தல் முழு ராத்தலானது. அதே வருடம் தேம்ஸ் முகத்துவாரத்தில், நோரில் கிளம்பியவர்களுக்கு இந்த நிதானம் இல்லை. தலைவர் ரிச்சர்ட் பார்க்கரைத் தூக்கில் போட்டார்கள்.

என் காலத்தில் யாரும் கலகம் செய்யவில்லை. பருப்பு தண்ணியாக இருக்கிறது என்று டெக் பயணிகள் திட்டுவதோடு சரி.

கேள்வி: சனிக்கிழமை இரவு கடற்படை அதிகாரிகள் ‘மனைவியருக்கும் காதலியருக்கும்’ என்று கோப்பை உயர்த்துவார்களாமே! வெட்கமாக இல்லையா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

‘இருவரும் சந்திக்காமல் இருக்கட்டும்’ என்று யாராவது பதில் குரல் கொடுப்பதும் உண்டம்மா. 1990இலிருந்து பெண்களும் போர்க்கப்பலில் போகிறார்கள். அதனால் 2013இல் அதை ‘நம் குடும்பங்களுக்கு’ என்று மாற்றினார்கள். எனக்கு வியாழக்கிழமைதான் வயிற்றைக் கலக்குகிறது: ‘ரத்தம் சிந்தும் போருக்கும், நோய் பரவும் பருவத்துக்கும்!’ மேலே இருப்பவர் செத்தால்தான் கீழே இருப்பவருக்குப் பதவி உயர்வு. மன்னருக்காகக் கோப்பை உயர்த்தும்போது மட்டும் எழுந்திருக்க மாட்டார்கள், உட்கார்ந்தபடிதான். எந்த மன்னர் எந்த உத்திரத்தில் தலையை இடித்துக்கொண்டு இந்தச் சலுகை தந்தார் என்பதற்கு ஆளுக்கொரு கதை. போர்ட்ஸ்மத்தில் ‘விக்டரி’ கப்பலின் கீழ்த்தளத்தில் குனிந்தே நடந்தவன் என்ற முறையில், எந்த மன்னராக இருந்தாலும் நம்புவேன்.

கேள்வி: மாலுமிகளுக்குத் தினமும் ரம் கொடுத்தார்களாம். ஏன் நிறுத்தினார்கள்? நீங்களாக இருந்தால் குடித்திருப்பீர்களா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

1740இல் அட்மிரல் எட்வர்ட் வெர்னன் ஒரு உத்தரவு போட்டார்: அரை பைண்ட் ரம்மில் ஒரு குவார்ட் (இரண்டு பைண்ட்) தண்ணீர் கலந்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடு. அதாவது ஒன்றுக்கு நாலு. தண்ணீர் கலந்தவரைப் பிறகு யாரும் மன்னிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அளவை இரண்டு முறை பாதியாக்கி, கடைசியில் எட்டில் ஒரு பைண்ட், சுமார் 70 மில்லி, நின்றது. 54 சதவீதத்துக்கு மேல் சாராயம். குறைவு என்று நினைக்காதீர்கள்.

காலை 11 மணிக்கு ஊதல். பெட்டி ஆபீசர்களுக்கு (மாலுமிகளில் மேல்நிலையில் இருப்பவர்கள்) நீர் கலக்காமல். மற்றவர்களுக்குக் கலந்து, பதுக்கி வைத்தால் கெட்டுப்போகும்படி. கப்பலுக்குள் இதுதான் நாணயம். எனக்காக ராக்காவல் பார்த்தால் ஒரு ‘சிப்பர்’, அதாவது ஒரு உறிஞ்சல். பெரிய உதவிக்கு ‘கல்பர்’, ஒரு மடக்கு. பணத்தை மறந்தாலும் இந்தக் கடனை யாரும் மறந்ததில்லை.

நுட்பமான இயந்திரங்களை இயக்குகிறவன் மதியத்துக்கு முன்பே குடித்திருக்கக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தும் பலனில்லை. 1970 ஜூலை 31 கடைசி நாள். கையில் கறுப்புப் பட்டை கட்டினார்கள். ‘காலிங்வுட்’ பயிற்சித் தளத்தில் கறுப்புச் சவப்பெட்டி தூக்கி, மேளம் அடித்து ஊர்வலமே போனார்கள். (அதுவும் கரையில் நிற்கிற ‘கப்பல்’தான், அரக்கோணம் வாசகர் கவனிக்க.)

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பதிவேட்டில் ஒவ்வொருவன் பெயருக்கு எதிரிலும் ஓர் எழுத்து இருக்கும். குடிப்பவனுக்கு ‘ஜி’, வேண்டாம் என்பவனுக்கு ‘டி’. ‘டி’ போட்டவனுக்கு ரம்முக்குப் பதில் நாளொன்றுக்கு மூன்று பென்ஸ் சம்பளத்தோடு சேரும். தூத்துக்குடிக்காரர் நீங்கள் என்ன எழுத்தோ, எனக்கு ‘டி’தான்.