அந்தப் பையனிடம் திரும்பப் போங்கள், டாக்டர்

கேள்வி: எனக்கு வயது 63. வயிற்று அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் என் மனைவி கணையப் புற்றுநோயில் இறந்துபோனாள். ஆரம்பத்தில் முதுகு வலிக்கிறது என்று அவள் சொன்னபோது வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான்தான். அதன்பிறகு ஆபரேஷன் தியேட்டருக்குள் கால் வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் எட்டு வயதுப் பையன், ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சையில் இருக்கிறான். பொழுது போகவில்லை என்றானே என்று, ஒற்றைக் கையால் தையல் முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தேன். அப்புறம் தினமும் சாயங்காலம் அவனோடுதான். மறுபடி சிரிக்கவும் ஆரம்பித்தேன். போன வாரம், “தாத்தா, நான் செத்துப்போயிடுவேனா?” என்று கேட்டான். ஏதோ சாக்குச் சொல்லி எழுந்து வந்தவன், திரும்பப் போகவே இல்லை. என் துக்கத்தை ஆற்றிக்கொள்ள ஒரு குழந்தையைப் பயன்படுத்திவிட்டேனோ என்று உறுத்துகிறது. இன்னொரு இழப்பைத் தாங்கவும் தெம்பில்லை. விலகிவிடட்டுமா?

பதில்: வேண்டாம், விலகாதீர்கள். கூடிய சீக்கிரம் அவனைப் போய்ப் பாருங்கள்.

இந்தச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு முதலில் பறிபோவது பள்ளிக்கூடமும் கூட்டாளிகளும்தான். தொற்றுப் பயத்தில் யாரும் வருவதில்லை, வருகிற ஒன்றிரண்டு பெரியவர்களும் “எப்படிப்பா இருக்கே” என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசப் போய்விடுவார்கள். நீங்கள்தான் நூலைக் கையில் கொடுத்து, தப்பாகப் போட்டால் அவிழ்த்துத் திரும்பப் போடச் சொன்னவர். அப்படிப்பட்ட ஒருவர், சாவைப் பற்றிக் கேட்டதும் எழுந்து போய் ஒரு வாரமாக எட்டியும் பார்க்கவில்லை என்றால் அவன் என்ன நினைப்பான்? சாகப்போகிறோம், அதனால்தான் தாத்தாவால் சொல்ல முடியவில்லை என்று நினைக்கலாம். இல்லை, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து, இனிமேல் யாரிடமும் கேட்காமலே இருந்துவிடலாம். எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகக் கவலை தருகிறது. 1970களில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் ரத்தப் புற்றுநோயில் இருந்த குழந்தைகளோடு மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்து பார்த்தார். யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகளுக்குத் தங்கள் நிலைமை தெரிந்திருந்தது. அப்பா அம்மா உடைந்துபோவார்களே என்று தெரியாத மாதிரி இருந்தார்கள். வீட்டில் கேட்க முடியாததை அவன் உங்களிடம் கேட்டிருக்கிறான், டாக்டர். அது எவ்வளவு பெரிய நம்பிக்கை!

என்ன சொல்வது? முதலில் அவன் பெற்றோரிடம் பேசுங்கள். இப்படிக் கேட்டான், இதுவரை அவனிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களைத் தாண்டி நீங்களாக எதுவும் சொல்லக் கூடாது. அப்புறம் அவனிடம், “அன்னைக்கு நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாம போயிட்டேன், உன் மேல தப்பு எதுவும் இல்லை, தாத்தாவுக்குத்தான் பயம் வந்துடுச்சு” என்று சொல்லுங்கள். ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வார்டில் பக்கத்துக் கட்டில் காலியானதைப் பார்த்திருக்கலாம், தலைமுடி கொட்டியது காரணமாக இருக்கலாம். குழந்தைகள் கேட்கும் கேள்விக்குப் பின்னால் பல சமயம் வேறொரு கேள்வி இருக்கும். ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்யாதீர்கள். நீ குணமாகணும்னுதான் இவ்வளவு மருந்தும் கொடுக்கிறாங்க என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோயில், 1960களில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள். உங்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் புற்றுநோய் என்றதும் இப்போது உங்களுக்கு ஞாபகம் வருவது உங்கள் மனைவி மட்டும்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மாத்திரை விஷயத்துக்கும் வருகிறேன். கணையம் வயிற்றில் எவ்வளவு ஆழத்தில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியவர் நீங்கள். கண்டுபிடிக்கும் நேரத்திலேயே ஐந்தில் நான்கு பேருக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியாத கட்டத்தை அந்த நோய் எட்டியிருக்கும். முதுகுவலி என்று வரும் எல்லோருக்கும் யாரும் ஸ்கேன் எடுப்பதில்லை. வேறொரு டாக்டர் இதே கதையை வந்து சொல்லியிருந்தால் அவரை நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். அதோடு அன்றைக்கு உங்கள் மனைவிக்கு நீங்கள் டாக்டர் இல்லை, புருஷன். வலிக்கிறது என்றதும் கையில் இருந்ததைக் கொடுத்தீர்கள்.

பயன்படுத்திக்கொண்டீர்களா? உங்கள் துக்கத்தை அவன் தோளில் ஏற்றியிருந்தால், உங்களைத் தேற்றுவது தன் பொறுப்பு என்று அவன் நினைக்கும்படி நடந்திருந்தால், ஆமாம் என்றிருப்பேன். நீங்கள் முடிச்சு கற்றுக்கொடுத்தீர்கள், அவன் கற்றுக்கொண்டான், இரண்டு பேருக்கும் சாயங்காலம் நன்றாகக் கழிந்தது. நட்பு என்றால் அதுதானே. உங்களுக்கும் நல்லது நடந்தது என்பதற்காக அது அவனிடமிருந்து பறித்ததாகிவிடாது. சிரித்ததற்காகவும் உறுத்த வேண்டியதில்லை. துணையை இழந்தவர்கள் அழுகைக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவில் மாறி மாறிப் போய் வந்துதான் தேறுகிறார்கள் என்று மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். நான் பார்த்தவரை அது உண்மை. ஆனால் அழுகிற பக்கத்துக்கு உங்களுக்குப் பெரியவர் ஒருவர் துணை வேண்டும். மூன்று வருடமாகியும் வேலை செய்த இடத்துக்குள் நுழைய முடியவில்லை என்றால், துக்கத்துக்கென்று சிகிச்சை தரும் ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கமே வேண்டாம். (மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.)

அவனுக்கும் நீங்கள் டாக்டர் ஆகிவிடாதீர்கள். பெற்றோர் ரிப்போர்ட்டை நீட்டினால், வார்த்தைகளுக்கு விளக்கம் சொல்லுங்கள், முடிவை அவனுடைய மருத்துவர்களிடமே விடுங்கள். காய்ச்சல் மட்டும் விதிவிலக்கு. நீங்கள் இருக்கும்போது உடம்பு சுட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று யாரையும் சொல்லவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளப்புங்கள்.

இன்னொரு இழப்பைத் தாங்க முடியுமா என்கிறீர்கள். வராது என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் பாசம் வந்தாகிவிட்டது, டாக்டர். இப்போது ஒதுங்கினாலும் அவனுக்கு ஏதாவது ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து அந்தச் செய்தி உங்களுக்கு வரத்தான் போகிறது, அதோடு அவன் கேட்டபோது எழுந்து வந்ததும் சேர்ந்து வலிக்கும். இன்றைக்கே அவன் அம்மாவுக்கு போன் செய்யுங்கள். உங்களுக்குச் சளி இருமல் இருந்தால் சரியான பிறகு நேரில் போங்கள், ஆனால் அதுதான் காரணம் என்று அவனிடமே போனில் சொல்லிவிடுங்கள்.