நாக்குக்கும் பயிற்சி வேண்டும்

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு கன்னத்திலேயே தங்கிவிடுகிறது. நாக்குக்குப் பயிற்சி கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். உணவைத் திரட்டித் தொண்டைக்குத் தள்ளுவது நாக்குதான். அது தளர்ந்தால் கவளம் கன்னத்தில் ஒதுங்கும். ஆனால் முதலில் விழுங்கல் சிகிச்சை தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒருமுறை பார்க்கட்டும். தசைகள் படிப்படியாக நலியும் நோய்களில் கடும் பயிற்சி சோர்வைக் கூட்டிவிடும்.

அப்பா நிமிர்ந்து உட்காரட்டும், வாய் காலியாக இருக்கட்டும். நாக்கின் முன்பகுதியால் மேலண்ணத்தைப் பலமாக அழுத்தி, 3 விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்த வேண்டும். 10 முறை ஒரு சுற்று. ஓய்வு விட்டு 3 சுற்று. ஒன்றுவிட்டொரு நாள், வாரத்துக்கு 3 நாள், 8 வாரமாவது தொடர வேண்டும். லேசாகத் தொட்டு எடுத்தால் பலம் ஏறாது. அழுத்தம் சிரமமாகத் தெரிய வேண்டும்.

பலரும் செய்யும் தவறு, பல்லைக் கடிப்பது. அப்போது வேலை செய்வது தாடை, நாக்கு அல்ல. பல் வரிசைகளுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கட்டும். மூச்சையும் அடக்கக் கூடாது.

அப்பாவுக்கு முக்கியமானது பக்கவாட்டு அசைவு. கன்னத்துக்கு வெளியே உங்கள் விரலை வைத்து, உள்ளிருந்து நாக்கால் அதைத் தள்ளச் சொல்லுங்கள். பலவீனமான பக்கத்தில் கூடுதலாகச் செய்யலாம்.

சாப்பாட்டுக்குச் சற்று முன் வேண்டாம். களைத்த நாக்கு சரியாக விழுங்காது. சாப்பிட்டதும் இருமல், தண்ணீர் கொப்பளிப்பதுபோன்ற குரல், அடிக்கடி காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உணவு நுரையீரலுக்குள் போவதன் அறிகுறியாக இருக்கலாம்.