பழைய தரைமேல் இத்தாலிய டைல்ஸ்: வாங்கும்போது என்ன கேட்கணும், ஒட்டும்போது எதைக் கவனிக்கணும்?

கேள்வி: ஃபிளாட்டில் பழைய டைல்ஸ் தரையை உடைக்காமல், அதன் மேலேயே 60×120 செ.மீ. இத்தாலிய போர்சலின் டைல்ஸ் ஒட்ட நினைக்கிறோம். ‘40% மறுசுழற்சி, கார்பன் நியூட்ரல்’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? 6 மி.மீ. கனம் தாங்குமா, 9 மி.மீ. வாங்கணுமா?

பதில்: முதலில் பெட்டியைப் பாருங்கள். ‘இத்தாலியன் ஃபினிஷ்’ என்பது டிசைனைச் சொல்வது, செய்த ஊரை அல்ல. குஜராத்தின் மோர்பியிலும் இத்தாலிய இயந்திரங்கள் ஓடுகின்றன, அங்கும் நல்ல டைல்ஸ் கிடைக்கிறது. ஆனால் இத்தாலிய ஆலை வாங்கிய சான்று அதற்குச் செல்லாது. ‘மேட் இன் இட்டலி’ என்பதோடு ஆலையின் பெயரும் இருக்கணும். இத்தாலிய டைல்ஸில் பெரும்பங்கு சஸ்ஸுவோலோ ஊரைச் சுற்றி, மொடேனா, ரெஜியோ எமிலியா மாகாணங்களில் தயாராகிறது.

டைல்ஸ் தயாரிப்பில் சுற்றுச்சூழலுக்குப் பெரிய சுமை எரிவாயு. களிமண், ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுக்கல், மணல் மூன்றையும் தண்ணீர் விட்டு அரைத்து, அந்தக் கூழைச் சூடான காற்றில் தெளித்து 5–6% ஈரமுள்ள பொடியாக்கி, அழுத்தி, உலர்த்தி, 1,200 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். நல்ல ஆலைகளில் சூளையின் குளிரும் பகுதியிலிருந்து வரும் சூடு உலர்த்திக்குப் போகும். சுடுவதற்கு முன் உடைந்தவை மறுபடி அரைவைக்கே வரும். இதையும் ‘மறுசுழற்சி’ என்று சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. ஒரே ஆலையில், அதே வேலைக்குத் திரும்பும் கழிவை மறுசுழற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது ஐஎஸ்ஓ 14021 விதி. அந்த 40% வெளியிலிருந்து வந்த பொருளா என்று எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், ‘இபிடி’ எனப்படும் சுற்றுச்சூழல் அறிக்கை. அதில் ஏ1 முதல் ஏ3 வரையிலான கட்டங்களுக்கு (மூலப்பொருள் எடுப்பதிலிருந்து ஆலையில் டைல்ஸ் தயாராகும் வரை), ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கார்பன் என்று இருக்கும். எந்தக் கனத்துக்கான கணக்கு என்பதையும் பாருங்கள். ‘நியூட்ரல்’ என்று காட்ட வேறெங்கோ மரம் நட்டுக் கழித்த கார்பன் இந்த எண்ணில் சேராது. ‘நியூட்ரல்’ என்ற சொல்லை விட இதை நம்பலாம்.

உங்கள் வேலைக்கு 6 மி.மீ. போதும் என்பதே என் கருத்து. சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோதான் எடை; 9 மி.மீ. என்றால் 21 கிலோ. மண், எரிவாயு, கப்பல் சுமை எல்லாமே அந்த அளவுக்குக் குறையும், பழைய தரையை உடைத்த குப்பையும் இல்லை. ஆனால் கனம் குறைந்தால் முறியும் தாங்குதிறனும் குறையும். ஐரோப்பியத் தரவிதியில் 7.5 மி.மீ.க்குக் கீழ் குறைந்தது 700 நியூட்டன், அதற்கு மேல் 1,300. அடியில் பசை முழுக்க நிறைந்திருந்தால் இது பிரச்சினையே இல்லை. அடியில் வெற்றிடம் இருந்தால், கட்டில் கால் ஒன்று போதும், விரிசல் விட.

பழைய தரையைக் கட்டையால் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று உள்ளீடற்ற சத்தம் வரும் டைல்ஸை எடுத்துவிட்டுக் கலவையால் நிரப்பணும். 2 மீட்டர் மட்டப்பலகை வைத்தால் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, கிரைண்டரால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குங்கள்.

பசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேலே போர்சலின், கீழே பழைய டைல்ஸ், இரண்டும் தண்ணீர் உறிஞ்சாது. சாதாரண சிமென்ட் பசை நடுவில் பல நாள் ஈரமாகவே கிடக்கும். விரைவில் இறுகும் ‘சி2எஃப் எஸ்1’ வகை கேளுங்கள். தரையில் 10 மி.மீ. பல் கரண்டியால் ஒரே திசையில், டைல்ஸின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக இழுக்கணும். டைல்ஸின் முதுகிலும் மெல்லப் பூசணும். வட்டமாக இழுத்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சதுர மீட்டருக்கு 5–6 கிலோ பசை ஆகும். முதல் டைல்ஸை ஒட்டியதும் கழற்றி, நான்கு மூலையிலும் பசை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டச் சொல்லாதீர்கள். இத்தாலியின் யுனி 11493 விதியே குறைந்தது 2 மி.மீ. கேட்கிறது. சுவரோரம் 5 மி.மீ. விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடுங்கள். தரை சுமார் 1 செ.மீ. உயரும், கதவின் அடியைச் சீவ வேண்டிவரும்.

டிசைன் விஷயத்தில், அச்சில் எத்தனை வெவ்வேறு ‘முகங்கள்’, அதாவது ஒன்றுபோல் இல்லாத டைல்ஸ் படங்கள், என்று கேளுங்கள். நாலே நாலு என்றால் ஹாலில் ஒரே நரம்பு திரும்பத் திரும்பத் தெரியும். பத்து வருடத்தில் சலித்துப் பெயர்க்கும் டைல்ஸ் எவ்வளவு பசுமையாகத் தயாரித்தாலும் வீண்தான். இத்தாலியின் சொரென்டோவில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய ஹோட்டலுக்குக் கட்டடக் கலைஞர் ஜியோ பொன்டி நீலம், வெள்ளை இரண்டே நிறத்தில் 30 டிசைன் வரைந்தார். அந்தத் தரைகள் இன்றும் கொண்டாடப்படுகின்றன.

10% கூடுதலாக, எல்லாப் பெட்டியிலும் ‘டோனோ’, ‘கலிப்ரோ’ எண் ஒன்றாக இருக்கும்படி வாங்குங்கள். முதலாவது நிறத்தையும் இரண்டாவது அளவையும் குறிக்கும். மீதத்தில் ஒரு பெட்டியையாவது பரணில் போட்டு வையுங்கள்; பிறகு அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.