வீதி வரை வந்த பாட்டு

அன்புள்ள ஐயா,

வீட்டில் பத்து நாட்களாக ஒரு சண்டை. காட்பாடியில் கல்லூரி படிக்கும் என் மகள், யாரோ ஒரு பெண் கிதாரை வைத்துக்கொண்டு பாடிய பழைய பாட்டைக் கைபேசியில் காட்டி, "அப்பா, இது ஒரிஜினலைவிட நன்றாக இருக்கிறது" என்றாள். கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

நான் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவன். எங்கள் ஊர் மேடையில் ஒருவர் நன்றாகப் பாடினால் "அப்படியே டி.எம்.எஸ்." என்போம். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அவர்கள்கூட அசலை மிஞ்சிவிட்டதாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஏற்கெனவே வந்த பாட்டை மறுபடி பாடும் இந்தக் கவர் பாடல்காரர்கள் எப்படி மிஞ்சுவார்கள்? நகல் அசலாகுமா? நீங்கள் என் கட்சி என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ச., குடியாத்தம்

*

அன்புள்ள ச.,

என்னைக் கேட்காமலே கட்சியில் சேர்த்துவிட்டீர்கள். உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தருவதற்கு முன் கொஞ்சம் பேசிக்கொள்வோம்.

நானும் பாலாற்று மணலில் துண்டை விரித்து விடிய விடியக் கச்சேரி கேட்டவன்தான். (மணல் இருந்த காலம்.) "அப்படியே டி.எம்.எஸ்." என்று நானும் கத்தியிருக்கிறேன். வீட்டில் ரேடியோகூட இல்லாத எங்களுக்கு அந்தப் பாடகர்கள்தான் ரேடியோ. ரேடியோ அசலை மிஞ்ச வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, இரைச்சல் இல்லாமல் ஒலித்தால் போதும். அவர்கள் அதைச் செய்தார்கள், சாமர்த்தியமாகவே செய்தார்கள். உங்கள் மகள் காட்டிய பெண் செய்வது வேறு தொழில். இரண்டையும் ஒரே தராசில் வைத்ததால்தான் உங்கள் சோறு ஆறிப்போனது.

அசல் என்கிறீர்களே, அதையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். உங்கள் மகளைத் தூங்கவைக்க வீட்டில் யாராவது 'சின்னஞ்சிறு கிளியே' பாடியிருப்பார்கள். எந்த மெட்டில்? பாரதி அந்தப் பாட்டுக்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று தானே எழுதிவைத்தவர். ஸ்வரக் குறிப்பும் தந்திருக்கிறார். இதைவிட அசலான அசல் எங்கே கிடைக்கும்? ஆனால் நம் காதில் இருப்பது காபி ராகத்தில் தொடங்கி ராகம் ராகமாக மாறிப் போகும் ராகமாலிகை. 1951-இல் வந்த 'மணமகள்' படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் அமைத்தது, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடியது. கவிஞரே போட்ட மெட்டை ஒரு சினிமா மெட்டு வீட்டைவிட்டே வெளியேற்றிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பாட்டில் குழந்தை ஓடி வருகிறது, அள்ளி அணைக்கிறோம், அதன் கண்ணில் நீர் வழிகிறது, நெஞ்சில் உதிரம் கொட்டுகிறது. பைரவி பெரிய ராகம்தான். ஆனால் ஓடுகிற குழந்தையின் பின்னால் ஒரே நடையில் நடந்து வருகிற தாத்தா மாதிரி அது. சுப்பராமன் கூடவே ஓடினார்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். அருணகிரிநாதர் நம் திருவண்ணாமலைக்காரர். 1989-இல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை திருவண்ணாமலையும் நம் வட ஆர்க்காடுதானே. 'முத்தைத்தரு' என்றதும் உங்கள் காதில் ஒலிப்பது 1964-இல் வந்த 'அருணகிரிநாதர்' படத்தில் டி.எம்.எஸ். பாடியது. பதினைந்தாம் நூற்றாண்டுக்காரர் பாடிய மெட்டு யாரிடமும் இல்லை, சந்தம் மட்டும்தான் மிஞ்சியது. அந்தச் சந்தத்தைப் பிடித்துக்கொண்டு வள்ளிமலை சுவாமிகள் ஊர் ஊராகத் திருப்புகழ் பாடிப் பரப்பினார். ஆக, உங்கள் டி.எம்.எஸ்ஸே இங்கே ஒரு கவர் பாடகர். மகளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

மறுபடி பாடப்பட்ட பாட்டு எப்போது முந்தையதைத் தாண்டுகிறது என்பதற்கு என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. குரல் மாறினால் போதாது, பாட்டுக்குள் பேசுகிற ஆளே மாற வேண்டும். வேலூர் பாகாயத்தில் மருத்துவ மாணவர் விடுதிகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச காலம் குடியிருந்தேன். ஆங்கிலப் பாட்டு ஜன்னல் வழியாகவே வந்துவிடும். 'ரெஸ்பெக்ட்' என்ற பாட்டை எழுதி 1965-இல் பாடியவர் ஓடிஸ் ரெடிங். உழைத்துவிட்டு வீடு திரும்பும் ஆண், வாசலில் எனக்கு மரியாதை வேண்டும் என்கிறான். 1967-இல் அரீத்தா ஃபிராங்க்ளின் அதைப் பாடியபோது வாசலுக்கு உள்ளே இருந்தவள் அதே மரியாதையைக் கேட்டாள், அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து உச்சரித்துக் கேட்டாள். அதே ஆண்டு மான்டரே இசைவிழா மேடையில், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுபோன பாட்டு இது என்று ரெடிங்கே சொன்னார். வலியைப் பாடும் 'ஹர்ட்' பாட்டை அமெரிக்க ராக் பாடகர் டிரென்ட் ரெஸ்னர் வெளியிட்டது 1994-இல், அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. 2002-இல் எழுபது வயது ஜானி கேஷ் அதைப் பாடினார், அடுத்த ஆண்டு இறந்தும்போனார். இளைஞன் பாடும்போது பயமாக இருந்த வரிகள் கிழவர் வாயில் வரவுசெலவுக் கணக்காகிவிட்டன.

இதெல்லாம் தொலைவில் நடந்தது. என்னை ஆட்டிவிட்ட சம்பவம் வள்ளிமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது.

தூரத்து உறவில் ஒரு சாவு, பதினாறாம் நாள் காரியம். நம் பக்கத்தில் காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் அதற்கு வசதி இல்லை. ஆர்மோனியம், டோலக், பாட ஓர் ஆண், ஒரு பெண் என்று சின்னக் குழுவை அழைத்திருந்தார்கள். ஆணுக்கு இரண்டாவது பாட்டிலேயே தொண்டை கட்டிவிட்டது. யாரோ ஒரு பெரியவர் 'வீடு வரை உறவு' கேட்டார். காரிய வீட்டில் யாராவது கேட்டே தீருவார்கள். வேறு வழியில்லாமல் அந்தப் பெண் மைக்கை வாங்கினார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு.

1962-இல் 'பாத காணிக்கை' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ். பாடியது. நாற்பது வருடமாகக் கேட்கிறேன். 'வீதி வரை மனைவி' என்று அவர் பாடும்போது அது பாடையில் போகிறவனின் பக்கத்துப் பேச்சாகவே என் காதில் விழும். பார்த்தாயா, கட்டியவளும் தெருவோடு நின்றுவிட்டாள் என்கிற மாதிரி. அந்தப் பெண் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். அடி மறந்துபோனது என்று நினைத்து ஆர்மோனியக்காரர் எடுத்துக்கொடுத்தார். அவர் மறக்கவில்லை. அதே அடியை, முன்பைவிடத் தாழ்ந்த குரலில், மறுபடி பாடினார். மூன்றாம் முறையும் பாடினார். பந்தலில் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். நிலைப்படி ஓரம் சாய்ந்து உட்கார்ந்திருந்த, செத்தவரின் மனைவி தலையைத் தூக்கினார். பதினாறு நாட்களுக்கு முன் தெருமுனையில் அவரை நாலு பேர் பிடித்து நிறுத்தியதை நான் பார்த்தேன். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்பதுதானே வழக்கம். அவர் வராமல் நிற்கவில்லை, வர விடவில்லை.

ஓர் எழுத்து மாறவில்லை, மெட்டும் மாறவில்லை. சரணத்தில் சுருதி இரண்டு இடத்தில் விலகியது. உங்கள் மேடைக்காரர்கள் அவருக்கு மதிப்பெண் போட மாட்டார்கள். ஆனால் இன்று டி.எம்.எஸ். பாடியதைக் கேட்டாலும் அந்த அடி வந்ததும் எனக்கு அந்த நிலைப்படிதான் தெரிகிறது. மிஞ்சியதா என்று கேட்டால், ஆம், மிஞ்சியது.

உங்கள் மகளிடமும் எனக்கு வழக்கு உண்டு. இப்போது வருகிற கவர் பாடல்களில் பாதியை என்னால் முடிவுவரை கேட்க முடியவில்லை. வேகத்தைக் குறைத்து, மூச்சை மைக்கில் விட்டு, கொஞ்சம் எதிரொலி சேர்த்துவிட்டால் ஆழம் வந்துவிடும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். குதூகலமான பாட்டையெல்லாம் காய்ச்சல்காரர்போல் பாடுகிறார்கள். 2004-இல் 'நியூ' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் 'தொட்டால் பூ மலரும்' பாட்டின் வாலி வரிகளை வைத்துக்கொண்டு புது மெட்டே போட்டார். அது துணிச்சல், எனக்குப் பிடிக்கும். ஆனாலும் 'படகோட்டி'யில் பேசிக்கொண்ட அதே காதலர்கள்தான் அங்கேயும் பேசிக்கொள்கிறார்கள், சட்டை மட்டும் புதிது. அதனால் அதை வேறொரு நல்ல பாட்டாகக் கேட்டுக்கொள்கிறேன், பழையது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மகள் காட்டியது எந்தப் பாட்டு என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. சோற்றைக் கீழே வைத்த அவசரத்தில் நீங்கள் அதை முழுவதும் கேட்கவில்லை என்று சந்தேகப்படுகிறேன். அதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள், சாப்பாட்டு நேரம் வேண்டாம்.