எதற்கும் பதறாத குணம் பிறவியிலேயே வருவதா?

"என் கணவர் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார், நான்தான் படபடக்கிறேன். இது பிறவிக் குணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் நாலு பேர் உங்களை அவரோடு ஒப்பிட்டுப் பேசியிருப்பார்கள்.

ஓரளவு பிறவிதான். நியூயார்க்கில் தாமஸ், செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர் 1956-இல் தொடங்கிய ஆய்வில், சுமார் 40 சதவீதக் குழந்தைகள் கைக்குழந்தையிலேயே சாதுவாக இருந்தார்கள். என் தம்பி அந்த ரகம். தூளியில் போட்டால் சத்தமில்லாமல் தூங்கிவிடுவான். ஆனால் வளர்ந்தவர்களின் நிதானத்துக்கு இன்னொருவர் உழைப்பும் வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்த அன்று அப்பா, "வர்றப்ப பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டார். அம்மா பொழுது சாய்வதற்குள் மாட்டை ஓட்டிவந்து தாழ்வாரத்தில் கட்டினார். அண்டா, குடம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தார். பத்திரங்களை பாலிதீன் பையில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தார். காய்ந்த மட்டையை ஒரு கட்டு கட்டிலுக்கடியில் தள்ளினார். "இவளுக்கு எப்பவும் இதே படபடப்பு" என்றார் அப்பா.

விடிந்தால் தோப்பே படுத்துக் கிடந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், அப்பா திண்ணையில் காபி குடிப்பதைப் பார்த்து, "இவ்வளவு போயும் மனுசன் அசையலையே!" என்று வியந்தார்கள். அந்தக் காபி அம்மா எடுத்துவைத்த மட்டையில் கொதித்தது, அம்மா காப்பாற்றிய மாட்டின் பால். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

பெற்ற அப்பாவையே குறை சொல்கிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் மேல் ஒரு நாளும் கை ஓங்காதவர் அவர்.

அப்புறம் நிவாரணம். வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய். கணக்கெடுக்க வந்தவர்கள் சாய்ந்ததை மட்டும் எண்ணிக்கொண்டு போனார்கள். கொண்டை திருகி நின்றவை சில மாதத்தில் பட்டுப்போயின, அதற்குப் பைசா கிடையாது. மறுபடி நட்டால் காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். இதைக் கேட்க அலைந்ததும் அம்மாதான். ஊர் வைத்த பெயர் சண்டைக்காரி.

இப்போது தம்பி வீட்டிலும் இதே கதை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவன் "சரியாயிடும்" என்று தூங்குகிறான், அவன் மனைவி விடிய விடிய நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன தடவை போனபோது, "அவளுக்கு ரொம்பப் பதற்றம்க்கா" என்று என்னிடமே சொன்னான். அவனை நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.