ராத்திரியில் விடாத இருமல்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, ஆஸ்துமா உண்டு. பின்னிரவில் இருமல் விடுவதில்லை. இன்ஹேலர் பழகிவிடும், டானிக்கே போதும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பழகாதும்மா, பயப்படாதீர்கள். ராத்திரி இருமல் என்றாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று சந்தேகப்பட வேண்டும், மூச்சுக்குழாய் வீக்கத்தை டானிக் குறைக்காது. தடுப்பு இன்ஹேலர் என்று டாக்டர் தந்திருந்தால் இருமல் இல்லாத நாளிலும் அதைத் தொடர வேண்டும் (பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்), சால்பியூட்டமால் இன்ஹேலர் உடனடி நிவாரணத்துக்கு மட்டும். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வைத்துத்தானே கொடுக்கிறீர்கள்? நன்றாகக் குலுக்கி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு பஃப் (ஒரு அழுத்து), ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்கட்டும், அடுத்த பஃப் அப்புறம். தடுப்பு மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். அப்புறம் உங்கள் ஊர் விஷயம்: பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து தூசி தட்டும்போதும், மசாலாவுக்கு மிளகாய் வறுக்கும்போதும், சாம்பிராணி போடும்போதும் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுங்கள். கொசுவர்த்தியும் வேண்டாம், வலை கட்டுங்கள். இவ்வளவுக்கும் இருமல் குறையாவிட்டால் மருந்தை நீங்களே கூட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். விலா உள்வாங்கினாலோ, பேச மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.