கரையில் செய்ய ஒன்றுமில்லையா?

கேள்வி: விடுமுறை நாளில் குடும்பத்தோடு நகரத்துக்கு வெளியே உள்ள ஏரிக்கோ நீர்த்தேக்கத்துக்கோ போனால், 'இறங்காதே', 'குளிக்காதே' என்ற பலகைகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. மக்கள் வரிப்பணத்தில் கட்டியது மக்களுக்கு இல்லையா? எனக்கும் என் பிள்ளைகளுக்கும் நன்றாக நீச்சல் தெரியும். கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவதற்கா அவ்வளவு தூரம் போவது?

பதில்: மக்களுக்குச் சொந்தம்தான், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. பலகையை நட்டதோடு கடமை முடிந்தது என்று இருப்பவர்களிடம் எனக்கும் கோபம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் "நன்றாக நீச்சல் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைப் பயமுறுத்துகிறது. நீச்சல் குளத்தில் கற்ற நீச்சல் நீர்த்தேக்கத்தில் பல நேரம் கைகொடுக்காது. அங்கே ஆளை அமுக்கும் விஷயங்கள் நீச்சல் திறமைக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

முதலில் தரை. இயற்கையான ஏரியில் பல இடங்களில் கரை மெல்லச் சரிந்து இறங்கும். நீர்த்தேக்கம் அப்படியல்ல. அது ஒரு பள்ளத்தாக்கை மறித்து நிரப்பிய தண்ணீர். நாம் கரை என்று நிற்பது ஒரு காலத்தில் மலைச்சரிவு. ஓர் அடியில் முழங்கால் ஆழம், அடுத்த அடியில் தலைக்கு மேல். உள்ளே பழைய மரக்கட்டைகள், சுவர்கள், வேலி எல்லாம் அப்படியே கிடக்கலாம். போன மாதம் குதித்த இடத்தில் இந்த மாதம் அவ்வளவு தண்ணீர் இருக்காது. தண்ணீர் வற்றி விலகிய ஓரத்தில் மேல்மண் வெடித்துக் காய்ந்து கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் அடியில் இடுப்பளவு வண்டல் சேறு. ஏரிகளிலும் மண் அள்ளிய குழி இருந்தால் இதே கதைதான். தண்ணீர் நிரம்பிவிட்டால் குழி எங்கே இருக்கிறது என்று வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

அடுத்தது மதகு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் ஆழத்தில், பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத் திறப்பு. மறுபுறம் தண்ணீர் இல்லை. அந்தத் திறப்பை ஒரு கால் அடைத்தால், அதன்மேல் அழுத்தும் நீரின் பாரம் சுமார் 450 கிலோ. எந்த நீச்சல் வீரரும் அதிலிருந்து காலை உருவிக்கொண்டு வர முடியாது. மேலே நின்று பார்த்தால் தண்ணீர் அசைவில்லாமல் கிடக்கும். அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப்படுகை இன்னும் மோசம். தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே எங்கோ பெய்த மழைக்காக மேலே கதவைத் திறப்பார்கள். பாறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சங்கொலி கேட்டு எழுந்து ஓட அவகாசம் கிடைப்பது அதிர்ஷ்டம்.

குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் சூடான நீர் லேசாகி மேலேயே நிற்கும், குளிர்ந்த நீர் அடியில் தங்கும். மேலே வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று ஆழமான இடத்தில் தலைகீழாகப் பாய்கிறவர் சில மீட்டரில் வேறொரு தண்ணீருக்குள் போய்விடுகிறார். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு நம்மைக் கேட்காமலே மூச்சை இழுக்கும். வாய் அப்போது தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் மூச்சுக்கே வழியில்லாதவரால் கத்த முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் முங்கி முங்கி எழும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். பத்தடி தள்ளி நிற்கும் அப்பா, பிள்ளை விளையாடுகிறான் என்று நினைத்துக்கொள்வார்.

சரி, குடிநீர் விஷயம். நகரத்தை ஒட்டிய நீர்த்தேக்கம் என்றால் பெரும்பாலும் அது நகரத்தின் குடிநீர். சுத்திகரித்துத்தானே அனுப்புகிறார்கள் என்பீர்கள். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியாகச் சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. அது குளித்தவர்களால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த ஒட்டுண்ணி குளோரினுக்கு எளிதில் சாகாது, நோய்ப்பட்ட ஒருவர் உடலிலிருந்து கோடிக்கணக்கில் வெளியேறும் என்பதற்காகச் சொல்கிறேன். கரையோரத்தில் குழந்தையின் டயபரை விட்டுவிட்டு வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தடை இல்லாத ஏரியிலும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் ஓரத்தில் படலம் மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அதைக் குடித்து நாய்கள் செத்திருக்கின்றன. உங்கள் நாயையும் பிள்ளையையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி, கரையில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். நீங்கள் போகும் நேரம்தான் தவறு. நடுப்பகலில் போனால் கண்கூசும் தண்ணீர்தான் இருக்கும். விடிந்தும் விடியாமலும் போய் நில்லுங்கள், கையில் ஒரு சாதாரண பைனாகுலர் போதும். நீர்மட்டம் இறங்கும் மாதங்களில், உங்களுக்கு அசிங்கமாகத் தெரியும் அந்தச் சேற்று விளிம்புதான் பறவைகளுக்குச் சாப்பாட்டு இடம். உள்ளான்கள் ஓரத்தில் ஓடி ஓடிக் கொத்தும். கொக்கு கொஞ்சம் உள்ளே தள்ளி அசையாமல் நிற்கும். நீர்க்காகம் மூழ்கினால் எங்கே எழும் என்று பிள்ளைகளைப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் தோற்றுப்போவார்கள். மூக்கின் நீளத்தைப் பார்த்தே எந்தப் பறவை எந்த ஆழத்தில் இரை தேடும் என்று ஒரு காலைப்பொழுதில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நீச்சல் குளத்தில் இது கிடைக்குமா?

படகு விட்டால் ஏறுங்கள், மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். ஒப்புக்குத் தோளில் மாட்டிக்கொள்வது பயன்படாது. பொத்தான்களைப் போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, தண்ணீரில் உங்களை விட்டுவிட்டு அது மட்டும் மிதக்கும். இடி கேட்டால் கரைக்குத் திரும்புங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் தண்ணீர்ப் பக்கமே வேண்டாம். தூண்டில் போட அனுமதி இருந்தால் போடுங்கள். அறுந்த நரம்பை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள், பறவையின் காலில் சுற்றினால் அது மறுபடி பறக்காது. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டை விழுங்கி அன்னங்கள் செத்ததால்தான் இங்கிலாந்தில் 1987-இல் அந்தக் குண்டுகளுக்குத் தடை வந்தது.

பலகை நடுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. காரணம் சொல்லாத தடையை யாரும் மதிப்பதில்லை. 'இறங்காதே' என்பதற்குப் பதில் 'இங்கே இரண்டாவது அடியில் 6 மீட்டர் ஆழம்' என்று எழுதிப் பாருங்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று. எல்லா இடத்தையும் அடைத்துவிட்டு எங்குமே குளிக்க வழி விடாவிட்டால் பிள்ளைகள் ஆளில்லாத மூலையாகத் தேடிப் போவார்கள். சரிவு மெல்ல இறங்கும், குடிநீருக்கு எடுக்காத ஓர் ஏரியில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, மிதவைக் கயிறு கட்டி, காவலரை நிறுத்தி, தண்ணீரைச் சோதித்து, முடிவைக் கரையில் ஒட்டினால் போதும். நடக்காத காரியம் அல்ல. பெர்லின் நகர மக்கள் வான்சே ஏரியில் 1907 முதல் அப்படி ஒரு பொதுக் குளியல் கரையை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த விதிப்படி குளியல் இடங்களின் நீர் சோதிக்கப்பட்டு, மிக நன்று முதல் மோசம் வரை நான்கு தரங்களில் ஒன்று மக்களுக்கு அறிவிக்கப்படுகிறது.

நீங்கள் மனு எழுதுவதாக இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள்: மக்கள் கூடும் ஒவ்வொரு கரையிலும் ஒரு மிதவை வளையம், நீளமான கயிறு, அவசர எண், அந்த இடத்தைத் தொலைபேசியில் அடையாளம் சொல்ல ஓர் இட எண். ஒருவர் மூழ்கினால் காப்பாற்றப் பாய்ந்த இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து போவதுதான் இந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எறிய ஏதாவது இருந்திருந்தால், அவர்கள் கரையிலேயே நின்றிருப்பார்கள்.